முதல் சிவப்பு எங்கே போனது? பைடார்ச்சின் ஃப்ளேக்கி டெஸ்ட் ஏற்பாடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பைடார்ச் என்ற திறந்த மூல மெஷின் லேர்னிங் மென்பொருளின் கிட்ஹப் களஞ்சியத்தைக் கொஞ்ச நாள் கவனித்தால் ஒரு வகை இஷ்யூ (பிழைக் குறிப்பு) அடிக்கடி கண்ணில் படும். அதை எழுதுவது மனிதர் இல்லை, ஒரு பாட், அதாவது தானாக இயங்கும் நிரல். தலைப்பில் ஒரு டெஸ்டின் பெயரும், அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பும் இருக்கும். உள்ளே கணக்கு: கடந்த 3 மணி நேரத்தில் இந்த டெஸ்ட் இத்தனை ஒர்க்ஃப்ளோக்களில் தடுமாறியது, இத்தனை தடவை ஃபெயில், இத்தனை தடவை பாஸ். அதற்குக் கீழே, முழுக்கப் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை: சிஐ பச்சையாக இருக்கிறது என்பதை வைத்து எல்லாம் நன்றாக இருப்பதாக எண்ணிவிடாதீர்கள்.

சிஐ என்பது கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் பைப்லைன். எல்லாம் பாஸானால் பச்சை, தோற்றால் சிவப்பு. தன் பைப்லைன் காட்டும் பச்சையை நம்பாதே என்று ஒரு ப்ராஜெக்டே சொல்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது, அந்தக் கணக்கு பாட்டின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று தோண்டிப் பார்த்தேன். ஃப்ளேக்கி டெஸ்டை அடையாளம் காணும் சூத்திரம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃபெயிலான அந்த முதல் ஓட்டத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பதில்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது. பல குழுக்கள், நாங்களும்தான், அதைத் தொலைத்த பிறகுதான் தேடத் தொடங்குகிறோம்.

கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரு தடவை பாஸ், இன்னொரு தடவை ஃபெயில் ஆனால் அது ஃப்ளேக்கி டெஸ்ட். தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். 2,000 டெஸ்ட் உள்ள ஒரு தொகுப்பில் 20 மட்டும் நூறு ஓட்டத்துக்கு ஒரு தடவை தவறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.99-ஐ 20 தடவை பெருக்கினால் கிட்டத்தட்ட 0.82 வருகிறது. அதாவது நூறு பில்டில் 18, யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே சிவப்பாக முடியும். கூகுள் 2016-இல் தன் நிலவரத்தை வெளியிட்டது: அவர்களுடைய டெஸ்டுகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு தடுமாற்றம் இருந்தது. மொத்த ஓட்டங்களில் 1.5 சதவீதம் தடுமாறிய முடிவைக் காட்டின. மூன்றாவது எண்தான் வலிக்கக்கூடியது. பாஸாகிக்கொண்டிருந்து திடீரென ஃபெயிலாக மாறிய நிகழ்வுகளில் 84 சதவீதத்தில் ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது. ஆறு சிவப்பில் ஐந்து பொய்யாக இருந்தால், ஆறாவதை மட்டும் யார் நிஜம் என்று நம்புவார்கள்?

ரீ-ரன் குடுத்தாச்சு

பைடார்ச்சுக்குப் போவதற்கு முன் எங்கள் கதை. நான் இருந்த ஒரு சின்னக் குழுவில் பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பைதானில் எழுதிக்கொண்டிருந்தோம். பைப்லைன் கிட்ஹபின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஓடியது. ராத்திரி ரிலீஸ் போகும் நாட்களில் ஒரு டெஸ்ட் சிவக்கும். டெஸ்டுகளை ஓட்டும் பைதான் கருவியான பைடெஸ்ட் அதைத் தானாக இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கும். அப்போதும் சிவப்புதான். "அண்ணா, படுத்துத் தூங்குங்க, காலையில ரீ-ரன் குடுத்தா பச்சையாயிடும்" என்பான் டீமில் இளையவன். அவன் சொன்னபடியேதான் ஆகும். காலையில் பொத்தானை அழுத்துவோம், பச்சை வரும், ஸ்லாக்கில் "ரீ-ரன் குடுத்தாச்சு" என்று ஒரு வரி விழும், கதை முடிந்தது.

ஒரு கட்டத்தில், எல்லா முடிவையும் ஓர் இடத்தில் ஏற்றி வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினோம். பைடெஸ்ட் முடிவுகளை ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் ஒரு கோப்பாக எழுதித் தரும். அதை ஏற்ற கடைசியில் ஒரு படி. ஒரு வாரம் ஓடியது. டேஷ்போர்டைத் திறந்தால் ஒரு ஃபெயில்கூட இல்லை! இரண்டு பேர் சந்தோஷப்படவே தொடங்கிவிட்டார்கள். காரணம் எளிது: கிட்ஹப் ஆக்ஷன்ஸில் முந்தைய படி தோற்றால், வேறு விதமாகச் சொல்லாதவரை அடுத்த படிகள் ஓடாது. டெஸ்ட் ஃபெயிலான அன்றெல்லாம் ஏற்றும் படி ஓடவே இல்லை. பாஸான ஓட்டங்களை மட்டும் சேகரித்து வைத்திருந்தோம். ஜென்கின்ஸ் என்ற இன்னொரு சிஐ கருவியில் இதற்கு போஸ்ட் பகுதியில் எப்போதும் ஓடு என்று சொல்ல வேண்டும். கிட்லாபில் டெஸ்ட் ரிப்போர்ட்டாக அறிவித்த கோப்பு, ஜாப் ஜெயித்தாலும் தோற்றாலும் ஏறிவிடும். நாங்கள் இருந்தது கிட்ஹபில்.

அதைச் சரிசெய்த பிறகும் ராத்திரி டெஸ்ட் பட்டியலில் வரவில்லை. ஏற்றும் கோப்புக்கு ரன் எண்ணைப் பெயராக வைத்திருந்தோம். ரீ-ரன் கொடுத்தால் கிட்ஹபில் ரன் எண் மாறுவதில்லை. எத்தனையாவது முயற்சி என்று சொல்லும் அட்டெம்ப்ட் எண் மட்டும் 1-லிருந்து 2 ஆகும். காலையில் ஏறிய பச்சைக் கோப்பு, ராத்திரி ஏறிய சிவப்புக் கோப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஃப்ளேக்கி என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த இரண்டு கோப்பும் அருகருகே இருப்பதுதான். அதில் ஒன்றை நாங்களே அழித்துக்கொண்டிருந்தோம்.

பைடார்ச்சில் என்ன நடக்கிறது

பைடார்ச் ஆட்கள் இந்த இடத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பது கோப்புப் பெயரிலேயே தெரிகிறது. அவர்கள் ரிப்போர்ட்டுகளைச் சுருக்கி, அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் ஏற்றுகிறார்கள். பாதையில் முதலில் களஞ்சியத்தின் பெயர், பிறகு ரன் எண், பிறகு தனியாக அட்டெம்ப்ட் எண். கோப்பின் பெயரிலேயே எந்த டெஸ்ட் கான்ஃபிகரேஷன், எத்தனையாவது ஷார்டு (டெஸ்டுகளைப் பிரித்த பங்கு), மொத்தம் எத்தனை ஷார்டு, எந்த வகை ரன்னர் (டெஸ்ட் ஓடும் மெஷின்), எந்த ஜாப் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். பார்க்க ரயில் டிக்கெட் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றின் மேல் விழவே விழாது. ஏற்றும் படிக்கு அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனையும் அதே மாதிரிதான்: டெஸ்ட் படி ஓடியிருந்தால் போதும், ஜெயித்ததா தோற்றதா என்று பார்க்காதே.

அதற்கு முன்னால் இன்னொரு ஓட்டை இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் பைடார்ச், ஃபெயிலான டெஸ்டை இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கும். மூன்றில் ஏதாவது ஒன்று பாஸானால் ஜாப் பச்சை. அப்படியானால் முதலில் ஃபெயிலான அந்த ஓட்டம் எங்கே எழுதப்படுகிறது? ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்று எல்லோரும் சொல்கிறோமே தவிர, அதற்கு அதிகாரபூர்வமான வரையறை எதுவும் கிடையாது. ஆன்ட் என்ற ஜாவா பில்ட் கருவி எழுதிய வடிவம், ஆளாளுக்குக் கொஞ்சம் மாற்றி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டெஸ்ட் பாஸ், ஃபெயில், ஸ்கிப், எரர் என்று சொல்ல அதில் இடம் உண்டு. 'முதலில் ஃபெயில், அப்புறம் பாஸ்' என்று சொல்லப் பொதுவான இடம் இல்லை. மேவன் என்ற ஜாவா பில்ட் கருவியில் டெஸ்ட் ஓட்டும் ஷ்யூர்ஃபயர் இதற்கென்றே தனி உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டது. பைடார்ச், பைடெஸ்டின் எக்ஸ்எம்எல் எழுதும் பகுதியைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு மறு ஓட்டத்தையும் அதன் பிழைச் செய்தியோடு சேர்த்து எழுதும்படி தன் கட்டமைப்புக் கோப்பிலேயே மாற்றி வைத்திருக்கிறது. அந்த மாற்றம் இல்லையென்றால் மேலே உள்ள எஸ்3 பாதை, டேட்டாபேஸ், பாட் எல்லாம் வெறும் அலங்காரம்தான். பச்சையை ஏற்றி, பச்சையை எண்ணி, பச்சை என்று சொல்லியிருக்கும்.

இன்னொரு தொல்லை பைடார்ச் மாதிரி சி++ அடித்தளம் உள்ள மென்பொருளுக்கே உரியது. பைடெஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பை எல்லா டெஸ்டும் முடிந்த பிறகுதான் எழுதும். நடுவில் ஒரு டெஸ்ட் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொடும் பிழை) அடித்துப் ப்ராசஸையே கொன்றுவிட்டால் கோப்பே இருக்காது. மெமரி தீர்ந்து லினக்ஸ் கொன்றாலும் அப்படித்தான். ஆகப் பெரிய பிழை எந்தத் தடயமும் இல்லாமல் போய்விடும். இதற்காக அவர்கள் டெஸ்ட் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தனிப் ப்ராசஸில் ஓட்டுகிறார்கள். எந்த டெஸ்டில் நின்றது என்று குறித்து வைத்துக்கொண்டு, செத்தால் அந்த இடத்திலிருந்து புதிய ப்ராசஸில் தொடர்கிறார்கள். புதிய ப்ராசஸில் பாஸானது என்றால் அதையும், திரும்பத் திரும்பத் தோற்றால் 'தொடர்ந்து ஃபெயில்' என்பதையும் லாகில் தனித்தனி வரியாகப் போடுகிறார்கள்.

அடுத்தது, யார் ஏற்றுவது என்ற கேள்வி. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டில் பெரும்பாலான புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ஃபோர்க்கிலிருந்து, அதாவது வெளியாட்கள் வைத்திருக்கும் பிரதியிலிருந்து வரும். அவற்றுக்குக் களஞ்சியத்தின் ரகசியச் சாவிகளைக் கிட்ஹப் தராது. தரவும் கூடாது. முன்பின் தெரியாத ஆள் அனுப்பிய கோடு நம் சாவியோடு ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஏற்றும் வேலையை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். டெஸ்ட் ஓடும் ஜாப் கோப்பைக் கிடங்கில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும். முதல் ஒர்க்ஃப்ளோ முடிந்ததும் இன்னொரு ஒர்க்ஃப்ளோ கிளம்பும். அது மூலக் களஞ்சியத்தின் கோடையும் உரிமையையும் வைத்து ஓடும். அதுதான் எக்ஸ்எம்எல்லைப் பிரித்துப் படித்து டேட்டாபேஸில் சேர்க்கிறது. அந்த டேட்டாபேஸ் முதலில் ராக்செட். 2024 ஜூனில் ஓப்பன்ஏஐ அந்த நிறுவனத்தை வாங்கியது. பைடார்ச் க்ளிக்ஹவுஸுக்கு மாறியது. கச்சாவான ரிப்போர்ட் கோப்புகளைத் தனியாக எஸ்3-இல் வைத்திருந்தால் இப்படிக் கடை மாறுவது கொஞ்சம் சுலபம். எல்லா முடிவையும் நேராக ஒரு சேவையிலேயே கொட்டிவிட்டு வேறு பிரதி வைக்காதவர்கள் இதை யோசிக்கலாம்.

பெயர்தான் சரித்திரம்

ஒரு டெஸ்டுக்குச் சரித்திரம் வேண்டுமென்றால், நேற்று ஓடியதும் இன்று ஓடியதும் ஒரே டெஸ்ட் என்று டேட்டாபேஸுக்குத் தெரிய வேண்டும். அதற்கு அதனிடம் இருப்பது பெயர் மட்டுமே.

பைடார்ச்சில் ஒரே டெஸ்ட் வரைவிலிருந்து சிபியு, கூடா (என்விடியா ஜிபியு), வெவ்வேறு எண் வகை என்று பல டெஸ்டுகள் தானாக உண்டாகின்றன. ஒவ்வொன்றின் பெயரிலும் சாதனமும் எண் வகையும் ஒட்டிக்கொள்ளும். இது நல்லது. கூடாவில் மட்டும் தடுமாறும் டெஸ்டை அங்கே மட்டும் நிறுத்தலாம், சிபியுவில் அது தன் வேலையைப் பார்க்கும். நிறுத்தும் இஷ்யூவில் எந்தெந்த ப்ளாட்ஃபார்மில் என்று ஒரு வரியே உண்டு. ஆனால் கோப்புகள் நேரடியாக ஓடுவதால் கிளாஸ் பெயருக்கு முன்னால் எல்லாவற்றிலும் 'மெயின்' என்றே வரும். எந்தக் கோப்பு என்பது அதில் தெரியாது. எனவே ரிப்போர்ட் கிடந்த ஃபோல்டரின் பாதையைப் பார்த்து, எந்தக் கோப்பு இதை ஓட்டியது என்று கண்டுபிடித்துத் தனி நெடுவரிசையில் சேர்க்கிறார்கள்.

எங்கள் குழுவில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஒரு டெஸ்டின் பாராமீட்டராக, ஓடும் நேரத்தில் உருவாகும் யூயூஐடி (ஒவ்வொரு தடவையும் புதிதாக வரும் அடையாளக் குறி) ஒன்றைக் கொடுத்திருந்தோம். பைடெஸ்ட் அதைப் பெயரிலேயே ஒட்டிவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அது பிறந்து, ஒரு தடவை ஓடி, இறந்தது. டேட்டாபேஸில் வரிசை வரிசையாக, வாழ்நாளில் ஒரே ஒரு முடிவு மட்டும் உள்ள டெஸ்டுகள். அதில் எதைத் தடுமாற்றம் என்று சொல்வது? பாராமீட்டருக்கு நிலையான ஒரு பெயர் வைத்ததும் சரியானது.

கமிட்டிலும், அதாவது கோடு மாற்றத்தின் பதிவிலும், இதே மாதிரி ஒரு குழி உண்டு. புல் ரிக்வெஸ்டில் கிட்ஹப் தரும் கமிட் எண் நீங்கள் தள்ளிய கமிட்டுடையது இல்லை. உங்கள் கிளையை மெயினோடு சேர்த்துத் தற்காலிகமாக உண்டாக்கிய மெர்ஜ் கமிட்டுடையது. அதை மட்டும் சேமித்தால், பின்னால் கிட் லாகில் தேடும்போது கிடைக்காது. இரண்டையும் சேமித்துவிடுங்கள், இடம் ஒன்றும் பெரிதாக ஆகாது.

பாட் நிறுத்துகிறது, பாட்டே திறக்கிறது

முடிவுகள் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் பாட்டின் வேலை கிட்டத்தட்ட ஒரு எஸ்க்யூஎல் கேள்விதான். ஒரே ஜாபில் ஃபெயிலும் பாஸும் உள்ள டெஸ்ட் எது? கிடைத்ததற்கு இஷ்யூ திறக்கும். அந்த இஷ்யூ திறந்திருக்கும்வரை, ஓட்டங்கள் தொடக்கத்தில் இறக்கிக்கொள்ளும் நிறுத்தப்பட்டவை பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும். டெஸ்ட் ஸ்கிப் ஆகும்.

யாருக்குச் சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டெஸ்ட் கோப்பின் தலையிலும் இதற்கு உரிமையாளர் எந்தப் பிரிவு என்று ஒரு கமென்ட் வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் கோடின் ஒழுங்கைச் சோதிக்கும் லின்டர் விடாது. பாட் அந்த வரியைப் படித்து அந்தப் பிரிவின் லேபிளை ஒட்டும். சாதாரணமாகத் தோன்றும் இந்த ஒரு வரி எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் பிடித்தது. ஆள் பெயர் இல்லாத இஷ்யூ, தெருமுனைக் குப்பைத்தொட்டி மாதிரி. எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் தொடமாட்டார்கள்.

சரிசெய்பவர் தன் புல் ரிக்வெஸ்டில் இந்த எண்ணுள்ள இஷ்யூவை இது தீர்க்கிறது என்று எழுதினால் போதும். அந்தப் புல் ரிக்வெஸ்டில் மட்டும் நிறுத்தப்பட்ட டெஸ்ட் மறுபடி உயிர் பெற்று ஓடும். ஸ்கிப்பில் கிடக்கும் டெஸ்டை 'சரிசெய்து' பச்சை வாங்கும் வேடிக்கை இங்கே நடக்காது.

யாரும் தொடாமலே சரியாகிவிடும் டெஸ்டுகளும் உண்டு. வேறு யாரோ வேறு எதையோ மாற்றியிருப்பார்கள். இதற்காக நிறுத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் வழக்கமாக 50 தடவை ஓட்டிப் பார்க்கும் தனி ஓட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபெயில்கூட இல்லாமல், இஷ்யூவிலும் 14 நாளாக அசைவு இல்லாமல் இருந்தால், எத்தனை தடவை ஓட்டினோம் என்று குறிப்பிட்டுப் பாட்டே இஷ்யூவை மூடிவிடும். தவறாக மூடிவிட்டேன் என்று தோன்றினால் திரும்பத் திறந்துகொள்ளுங்கள் என்றும் எழுதும்.

50 போதுமா? கணக்குப் போட்டால் தெரியும். நூற்றுக்கு ஐந்து தடவை தவறும் டெஸ்ட், 50 ஓட்டத்திலும் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம். நூற்றுக்கு ஒரு தடவை மட்டும் தவறும் டெஸ்டுக்கு அதுவே 60 சதவீதம். அதையே 200 தடவை ஓட்டினால் 13 சதவீதமாக இறங்கும். இஷ்யூவை மூடும்போது எண்ணிக்கையைப் பாட் சொல்லிவிட்டுப் போவது அதனால் வெறும் மரியாதைக்காக இல்லை.

மூன்று தடவையும் தோற்பவை

உடனே திரும்ப ஓட்டிப் பார்ப்பது எல்லா நோய்க்கும் மருந்து ஆகாது. 2014-இல் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பாச்சி ப்ராஜெக்டுகளில் ஃப்ளேக்கி டெஸ்டைச் சரிசெய்த 201 கமிட்டுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். காரணங்களில் முதலிடம், பின்னணியில் நடக்கும் வேலை முடியும்வரை சரியாகக் காத்திருக்காதது. அடுத்தது கன்கரன்சி, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் ஒன்றோடொன்று மோதுவது. மூன்றாவது டெஸ்டுகளின் வரிசை: முன்னால் ஓடிய டெஸ்ட் எதையோ கலைத்து வைத்திருக்கும், பின்னால் வருவது தடுக்கி விழும். முதல் இரண்டும் மறு ஓட்டத்தில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மூன்றாவது, அதே ப்ராசஸில் எத்தனை தடவை ஓட்டினாலும் விடாமல் தோற்கும். கலைந்தது கலைந்தபடியேதானே இருக்கிறது. பைடார்ச் புதிய ப்ராசஸில் ஓட்டிப் பார்ப்பது இங்கே கை கொடுக்கிறது.

கிட்ஹப் நிறுவனம் தன் சொந்தக் கோடுக்குச் செய்து, 2020-இல் வெளியிட்ட வழி இதைவிடத் தெளிவானது. தோற்ற டெஸ்டை மூன்று விதமாக ஓட்டினார்கள்: அதே ப்ராசஸில் ஒரு தடவை, கடிகாரத்தை எதிர்காலத்துக்குத் தள்ளி வைத்து ஒரு தடவை, வேறு மெஷினில் ஒரு தடவை. எதில் பாஸாகிறதோ அதை வைத்தே நோய் என்னவென்று பாதி தெரிந்துவிடும். அதற்கு முன் பதினோரு கமிட்டில் ஒன்றுக்கு ஃப்ளேக்கி டெஸ்டால் சிவப்பு பில்ட் வந்துகொண்டிருந்தது. பிறகு அது 200-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கியது என்று எழுதினார்கள்.

கடிகாரம் என்றதும்தான் எங்கள் ராத்திரி டெஸ்ட் ஞாபகம் வந்தது.

கோப்புப் பெயரில் அட்டெம்ப்ட் எண்ணைச் சேர்த்த பிறகு, எங்கள் டேபிளில் அது அழகாக மாட்டியது. அட்டெம்ப்ட் 1 சிவப்பு, அட்டெம்ப்ட் 2 பச்சை, கமிட் ஒன்றேதான். தோற்றவற்றை மட்டும் எடுத்து ஓடிய நேரத்தின்படி அடுக்கினேன். எல்லாம் யூடிசி (உலகப் பொது நேரம்) 18:30-க்கும் 24:00-க்கும் நடுவே. வெளியே ஒன்றுகூட இல்லை. நம் நேரத்தில் சொன்னால் நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை ஐந்தரை.

பில்லில் தேதி போடும் கோடு சரியாகவே இந்திய நேரத்தில் தேதி எடுத்தது. டெஸ்ட் மட்டும் மெஷினின் இன்றைய தேதியை எடுத்து ஒப்பிட்டது. ரன்னரின் கடிகாரம் யூடிசி. நள்ளிரவு தாண்டியதும் நமக்கு மறுநாள், ரன்னருக்கு இன்னும் நேற்று. எங்கள் லேப்டாப்களில் இந்திய நேரம்தான் என்பதால் அங்கே ஒருநாளும் தவறியதில்லை. மூன்று தடவை தானாக ஓட்டியும் பலன் இல்லாததும் இதனால்தான், மூன்றும் அதே நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சரிசெய்ய ஒரு வரி போதுமாக இருந்தது. அத்தனை மாதமாகக் காலையில் ரீ-ரன் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த டெஸ்ட் போனதும், பட்டியலின் தலையில் வேறொன்று வந்து நின்றது. இதற்கு நேரக் கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. பகலிலும் தவறுகிறது, ராத்திரியும் தவறுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து பத்து பதிவு எடுத்து முதல் பதிவைச் சரிபார்க்கிறது, எந்த வரிசைப்படி எடுப்பது என்று கேள்வியில் எங்கும் சொல்லவில்லை. இளையவனிடம் காட்டினேன். "இதுக்கும் ரீ-ரன் குடுத்துட்டே இருந்தோமாண்ணா?" என்றான்.